எங்கே தங்குவாய் என்று யாரும் கேட்பதில்லை

(கூடங்குளத்தில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, தாய்மார்களே, முன்னால பாய் விரிச்சு உக்காந்திருக்கிற எங்க தெருப் பிள்ளைகளே!

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ‘கம்ப்யூட்டர் துறையும் தலித் மக்களும்’ என்று தோழர்கள் தலைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய பாரத்தை என்னால் தூக்க முடியாது. நான் ஒரே ஒரு உத்தரவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ‘ஆபீசுக்குத் திரும்பி வா’ என்கிற உத்தரவு. இதைப் பேசுவதற்குக் காரணம் எங்க தெருவில் ஒரு பாட்டி. பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது அவள் கேட்டாள்: “ஏ தாயி, மூணு வருசம் வீட்டுல இருந்துக்கிட்டே சம்பளம் வாங்குன. இப்பம் எதுக்கு மெட்ராசுக்கு ஓடுத? வீட்டுல இருந்தா அந்த மிசினு ஓடாதா?”

ஓடும் பாட்டி, வீட்டுல இருந்தாலும் நல்லாத்தான் ஓடும் என்று அன்றைக்குச் சொன்னேன். “பெறவு ஏன்?” என்று கேட்டாள். அந்த ‘பெறவு ஏன்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு நான் பேசுவது அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். லட்சக்கணக்கான ஐ.டி. ஊழியர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெரிய கம்பெனிகள் எல்லாம் இதுதான் எதிர்காலம் என்று பேச ஆரம்பித்தன. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், அதான் டி.சி.எஸ்., 2020 ஏப்ரலில் ஒரு திட்டம் சொன்னது. 2025 வரும்போது எந்த நேரத்திலும் தன் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்றது. அதே டி.சி.எஸ். 2023 அக்டோபர் 1 முதல் வாரத்தில் 5 நாளும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்போது அங்கே வேலை செய்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். 2024இல் இன்னும் ஒருபடி மேலே போய், வேரியபிள் பே என்கிற ஒரு பங்குச் சம்பளத்தை வருகைப் பதிவோடு முடிச்சுப் போட்டது. வருகை 60 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் அந்தப் பங்கு கிடையாது, 85க்கு மேலே என்றால்தான் முழுதாகக் கிடைக்கும். இது இந்த ஒரு கம்பெனி விசயம் மட்டுமல்ல. அமெரிக்காவில் அமேசான் 2025 ஜனவரி 2 முதல் 5 நாளும் வரச் சொல்லிவிட்டது.

நான் வேலை செய்கிற கம்பெனியின் பேரைச் சொல்லப் போவதில்லை. அங்கேயும் இதே கதைதான், தேதிதான் கொஞ்சம் முன்னேபின்னே.

இதைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். ஒன்றாக உட்கார்ந்தால்தான் புதுப் பிள்ளைகள் வேலை கற்றுக்கொள்வார்கள் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நானும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத்தான் வேலை கற்றேன். போக்குவரத்து நெரிசல், வாடகை, வயசான அப்பா அம்மா என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் இந்த விவாதம் முழுவதும் ஒரு விசயத்தை எல்லாருக்கும் பொதுவானது என்று எடுத்துக்கொண்டது. ‘வீடு’ என்றால் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருக்கும், கம்பி இணைப்பு வரும், தெருவில் இறங்கி நடக்கலாம். ‘ஆபீஸ்’ என்றால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ராத்திரி படுக்க ஒரு இடம் தானாகக் கிடைக்கும். இந்த இரண்டும் எல்லாருக்கும் உண்டு என்ற எண்ணத்தில்தான் மொத்தப் பேச்சும் நடந்தது. நமக்கு இரண்டுமே அப்படி இல்லை தோழர்களே.

என் வீட்டைச் சொல்கிறேன். இங்கே அணுமின் நிலையத்துக்கு 2002இல் கட்டுமான வேலை தொடங்கியபோது எங்கப்பா ஒரு ஒப்பந்தக்காரரிடம் கம்பி சுமந்தார். கேட் பாசைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போவார். ஒப்பந்தம் முடிந்ததும் பாசை வாங்கிக்கொண்டார்கள். எங்கம்மா பீடி சுத்தினாள், இன்னும் சுத்துகிறாள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010இல் கொடுக்கத் தொடங்கிய கட்டணச் சலுகையும், எஸ்.சி. மாணவர் உதவித்தொகையும் இருந்ததால் நான் பொறியியல் படித்தேன். 2014இல் மெட்ராசில் வேலை. எங்க தெருவில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் நான்தான். எங்கப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதையும் திருப்பி வாங்குவாங்களா?” என்று கேட்டார்.

2020இல் ஊருக்கு வந்தேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரு அறை வீடு. அரிசி டிரம் மேலே பலகை போட்டு அதில் கம்ப்யூட்டர். பக்கத்தில் அம்மாவின் பீடித் தட்டு. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்குள் மேல்நிலைத் தொட்டிப் படியில் நன்றாகக் கிடைக்கும். அங்கே போய் உட்கார்ந்து வேலை பார்த்தேன். நாலு நாள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது நாள் ஒரு பெரியவர் வந்து நின்றார். “நீ யாரு மக?” என்று கேட்டார். சொன்னேன். “அங்கன தெருவுல இடம் இல்லியோ?” என்றார். அதட்டவில்லை, கை ஓங்கவில்லை. அவ்வளவுதான் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த நேரத்தில் அமெரிக்காவில் இருக்கிற ஒரு வங்கியின் கணக்கு என் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வங்கிக்கு நான் வேண்டும். இந்தத் தொட்டிப் படிக்கு நான் வேண்டாம்.

பிறகு கேபிள்காரரிடம் போனேன். அவருடைய வயர் பெரிய தெருக் கடைசிக் கம்பத்தோடு நின்றிருந்தது. அங்கிருந்து எங்க தெருவுக்கு 200 அடிகூட இருக்காது. “அங்கிட்டு கனெக்சன் யாரு எடுப்பா?” என்றார். நான் எடுக்கிறேன் என்றேன். “ஒரு ஆளுக்காக வயர் இழுக்க முடியாது” என்றார். ஆறு வீட்டுக்காரர்கள் பணம் போட்டோம். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அப்போது கம்ப்யூட்டரில்தானே வகுப்பு. எட்டு மாதம் அலைந்து அந்த வயரை இழுத்தோம். தண்ணிக் குழாயும் தெருவிளக்கும் எங்கே வந்து நின்றனவோ அதே கம்பத்தில்தான் இணையமும் வந்து நின்றது. உலகம் சுருங்கிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் இந்த 200 அடியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? எங்க வீட்டில் சுவரில் மாட்ட ஒரே ஒரு படம்தான் உண்டு, பாபாசாகேபின் படம். வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்தால் அது என் தலைக்குப் பின்னால் தெரியும். முதல் நாளே கம்ப்யூட்டரில் ஒரு பொய்ப் பின்னணி போட்டேன். புத்தக அலமாரி மாதிரி ஒன்று. யாரும் என்னை மறைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் மறைத்தேன். ஒருநாள் எங்க தெருவில் ஒரு சாவு. பறைச் சத்தம் கேட்டது. “அது என்ன சத்தம், கல்யாணமா?” என்று மேலாளர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். மூன்று வருடம் என் சொந்த வீட்டுக்குள்ளேயே நான் ஒளிந்து வேலை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த மூன்று வருடமும் துன்பம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய். வாடகை மிச்சம். அம்மா கைச்சோறு. சாயங்காலம் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்னொரு லாபம், இதை யோசித்துப் பாருங்கள். என் வேலைக்கு அதிக மதிப்பெண் போட்டது அந்த மூன்று வருடத்தில்தான். நான் எந்த ஊர், எந்தத் தெரு, மதியம் என்ன சாப்பிடுகிறேன், யாரோடு டீக் குடிக்கப் போகிறேன் என்பது எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. வேலை மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. உடம்பு இல்லாமல் உழைப்பு மட்டும் போனபோது அதற்கு மரியாதை கிடைத்தது. இது சந்தோசப்பட வேண்டிய விசயமா, துக்கப்பட வேண்டிய விசயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதே சமயத்தில் நம் கண்ணெதிரே நடந்ததையும் மறக்கக் கூடாது. 2020 மே மாதம் இதே கூடங்குளத்தில், அணுமின் நிலையக் கட்டுமானத்தில் இருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் எங்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று போராடினார்கள். போலீசோடு மோதல் வரைக்கும் போனது. நான் வீட்டில் இருந்து வேலை பார்க்கிறேன். சில மைல் தூரத்தில் ஒருவன் வீட்டுக்குப் போகவிடு என்று ரோட்டில் நின்று கத்துகிறான். கம்பி கட்டுகிறவனுக்கும் கான்கிரீட் போடுகிறவனுக்கும் வீட்டில் இருந்து வேலை என்பது கிடையாது. எங்கே இருந்து வேலை செய்வது என்ற கேள்வியே உழைக்கும் மக்களில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் கிடைத்த கேள்வி. அந்தக் கூட்டத்துக்குள் நம் ஆட்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறார்கள். தனியார் கம்பெனியில் நமக்கு இடஒதுக்கீடு இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது சிலர், நகரமே வேண்டாம், கம்பெனியைக் கிராமத்துக்குக் கொண்டுவருவோம் என்கிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இலேயே ஆபீஸ் திறந்தது. அதற்குப் பிறகு சின்ன ஊர்களில் பல கிளைகள் திறந்திருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் நல்லதுதான், நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ‘கிராமம்’ என்ற சொல்லை இவர்கள் எல்லாரும் சொல்லும்போது ஒரு வயல், ஒரு திண்ணை, ஒரு சாந்தி என்று சொல்கிறார்கள். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் இந்தக் கிராமப் பெருமையை எப்படிக் கிழித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குக் கிராமம் என்பது ஒன்றல்ல, இரண்டு. ஊர் ஒன்று, சேரி ஒன்று. கிராமத்துக்கு வருகிற கம்பெனி எந்தத் தெருவில் கட்டிடம் பிடிக்கும், அந்தத் தெருவில் நாம் எப்படி நடப்போம், பக்கத்துக் கடையில் எந்த டம்ளரில் டீ தருவார்கள் என்பதை எல்லாம் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெறும் வேலை மட்டும் கிராமத்துக்கு வந்தால் போதாது.

சரி, உத்தரவுக்கு வருகிறேன். 2023இல் ஒருநாள் மெயில் வந்தது. ஒரு மாதத்துக்குள் மெட்ராஸ் ஆபீசில் வந்து உட்கார வேண்டும். வருகைக்குக் கணக்கு உண்டு. அட்டையைத் தேய்த்தால்தான் நாள் சேரும். மெயிலில் பார்க்கிங் எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, கேன்டீன் எப்போது திறக்கும் எல்லாம் இருந்தது. எங்கே தங்குவாய் என்பது மட்டும் இல்லை.

நான் வீடு தேடினேன். ஒன்பது வீடு. முதல் வீட்டில் புரோக்கரே சொல்லிவிட்டார், வெஜிடேரியன் மட்டும் என்று. இரண்டாவது வீட்டுக்காரர் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊர்க்காரர் என்று சந்தோசப்பட்டேன். அதுதான் தப்பு. மெட்ராஸ்காரனுக்குத் திருநெல்வேலி என்றால் திருநெல்வேலிதான். நம்ம ஊர்க்காரனுக்கு அது போதாது. “ராதாபுரம் பக்கமா? கூடங்குளமா? கூடங்குளத்துல எங்க? சர்ச்சுப் பக்கமா, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா?” நாலாவது கேள்வியில் முகம் மாறிவிட்டது. அட்வான்ஸ் வாங்கிய கையாலேயே சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார். தங்கச்சி மகள் வருகிறாளாம். மற்ற வீடுகளைச் சொல்லி உங்களைச் சலிப்படைய வைக்கமாட்டேன். ஒருவர்கூடச் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வழக்குப் போடலாமே. வீடு தேடியதிலும் ஊருக்கும் மெட்ராசுக்கும் அலைந்ததிலும் என் வருகைக் கணக்கு குறைந்தது. அந்தக் காலாண்டில் எனக்குச் சம்பளத்தில் பிடித்தது என் சோம்பேறித்தனத்துக்காக அல்ல, என் சாதிக்காக. ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் அதற்குக் கட்டம் இல்லை.

தோழர்களே, இது புதுக் கதை அல்ல. நம் இயக்கத்தின் முதல் கதையே இதுதான். பாபாசாகேப் 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். கொலம்பியாவில் படித்துவிட்டு, லண்டன் போய்விட்டு, கல்வி உதவித்தொகை கொடுத்த மன்னருக்கு வேலை செய்ய வேண்டிய கடமைக்காகப் போனார். ஆபீசில் கடைநிலை ஊழியர்கள்கூடக் காகிதக் கட்டுகளைத் தூரத்தில் நின்று மேசை மேல் எறிந்தார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஆட்கள் வந்து வெளியே போகச் சொன்னார்கள். அன்றைக்குக் காமாட்டி பாக் என்கிற பூங்காவில் பல மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். அந்த வேலையை அவர் இழந்தது வேலை தெரியாததால் அல்ல, வீடு கிடைக்காததால். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். நான் படத்தை மறைத்ததை நினைத்துக் கூனிக் குறுகி இருந்தபோது அதைப் படித்தேன். அவ்வளவு பெரிய மனிதருக்கே பேரை மாற்றி எழுத வேண்டி வந்தது. அப்படியானால் வெட்கப்பட வேண்டியது நாம் அல்ல.

கடைசியில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தது யார் தெரியுமா? எங்க ஆபீசில் கூட்டித் துடைக்கிற ஒரு அக்கா. கண்ணகி நகர்க்காரர். மெட்ராசுக்குள் கூவக்கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்த மக்களை 2000ஆம் ஆண்டில் இருந்து கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர், 15,000க்கும் மேல் வீடுகள். அங்கிருந்து பார்த்தால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள் தெரியும். அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவர்களில் நிறையப் பேர் அந்த மக்கள்தான். நான் அந்த அக்காவிடம் இந்த உத்தரவைத் திட்டினேன். “வீட்டுல இருந்தே பண்ணலாம்க்கா, சும்மா கூப்பிட்டு அலைக்கழிக்கிறாங்க” என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்: “உனக்கு அப்படிம்மா. நீங்கெல்லாம் வூட்டுக்குப் போனப்போ ஒன்றரை வருசம் எனக்கு வேலையில்ல. காண்ட்ராக்டர் போனை எடுக்கல. நகை போச்சு, பையன் படிப்பு நின்னு போச்சு. நீங்க திரும்பி வந்தாத்தான் எனக்குச் சோறு.”

எனக்கு வாயடைத்துப் போனது. என் மூன்று வருட அம்மா கைச்சோறும் இவருடைய ஒன்றரை வருடப் பட்டினியும் ஒரே உத்தரவின் இரண்டு பக்கம். மாதச் சம்பளக்காரியான எனக்கு வீட்டுக்குப் போ என்றாலும் சம்பளம் வந்தது. ஒப்பந்தக்காரியான அவருக்கு வீட்டுக்குப் போ என்றால் வீட்டுக்குப் போ என்பதுதான் அர்த்தம். எங்கப்பாவிடம் கேட் பாசைத் திருப்பி வாங்கியதும் இப்படித்தான். அதனால் நான் ‘ஆபீஸ் ஒழிக’ என்று பேச வரவில்லை. அப்படிப் பேசினால் அந்த அக்காவுக்குத் துரோகம்.

ஆபீசுக்குள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நாற்காலி ஒன்றுதான், லிஃப்ட் ஒன்றுதான். அது பெரிய விசயம், நான் மறுக்கவில்லை. எங்க தெருப் பிள்ளைகள் நகரத்துக்குப் போக வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் டீ இடைவேளையில் ‘உங்க பக்கம் கோவில் கொடை எப்போ?’ என்று ஆரம்பிப்பார்கள். எந்தக் கோவில், யார் குலசாமி என்று வந்து நிற்கும். கோட்டாவில் வந்தவர்கள் என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். கடல் தாண்டினாலும் இது விடுவதில்லை. அமெரிக்காவில் சிஸ்கோ கம்பெனியில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததாக 2020 ஜூன் மாதம் கலிபோர்னியா அரசு நிறுவனமே வழக்குப் போட்டது. கம்பெனி மறுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசுத் தரப்பு விலக்கிக்கொண்டது, கம்பெனி மீதான வழக்கை விலக்கவில்லை. வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்று நடந்தது. சாதி என்றால் என்ன என்று கேட்ட ஊரில் அந்தச் சொல் நீதிமன்றத்தில் ஏறியது. ஆப்பிள் கம்பெனி 2020இல் தன் ஊழியர் நடத்தை விதியில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. ஆனால் இங்கே, சாதி பிறந்த நாட்டில், எங்க கம்பெனியில் வருடா வருடம் ஒரு பாகுபாடு தடுப்புப் பாடம் நடத்துவார்கள். இனம் இருக்கும், நிறம் இருக்கும், பாலினம் இருக்கும். சாதி இருக்காது.

வீடும் வேலையும் ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் தாமிரபரணிக்காரர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த மலை. தேயிலை பறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் இருந்தார்கள். வேலை கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது. 1999 ஜூலை 23ஆம் தேதி அந்த மக்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் 17 பேர் ஆற்றில் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆபீசைத் தேடிப் போன நம் மக்களுக்கு அன்றைக்குக் கிடைத்த பதில் அது. பிறகு 2024இல் குத்தகை முடியப் போகிறது என்று கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. நாலு தலைமுறை வேலை பார்த்தவனுக்கு வேலை போனதோடு வீடும் போனது. கண்ணாடிக் கட்டிடத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் சம்பளத்தில் வித்தியாசம் உண்டு. நீ எங்கே இருக்க வேண்டும் என்பதை இன்னொருவன் முடிவு செய்கிறான் என்பதில் வித்தியாசம் இல்லை.

ஆகவே பாட்டிக்கு என் பதில் இதுதான். மிசினு வீட்டிலும் ஓடும், ஆபீசிலும் ஓடும். எங்கே ஓட்டுவது என்று தீர்மானிக்கிற உரிமை மட்டும் ஓட்டுகிறவளிடம் இல்லை.

இதற்கு நாம் என்ன கேட்பது? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், தவறு இருந்தால் தோழர்கள் திருத்துங்கள். ஆபீசுக்கு வரச் சொல்கிற கம்பெனி, தங்க இடத்துக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். விடுதியோ வாடகை ஒப்பந்தமோ கம்பெனி பேரில் செய்து தரட்டும். வேலை போனதும் மாஞ்சோலை மாதிரி மறுநாளே வெளியே தள்ளாதபடி அந்த ஒப்பந்தத்தில் கால அவகாசமும் எழுதட்டும். இந்த அணுமின் நிலையத்து நிரந்தர ஊழியருக்குச் செட்டிகுளத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியோடு ஒரு நகரியமே இருக்கிறது. ஆக, மனம் இருந்தால் செய்ய முடியாத காரியம் இல்லை. இரண்டாவது, நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லை எழுத வேண்டும். சொல் இல்லாத இடத்தில் புகார் எழுத முடியாது. மூன்றாவது, ஆபீசைப் பூட்டினாலும் திறந்தாலும் துப்புரவு அக்காவுக்கும் காவலாளிக்கும் சம்பளம் நிற்கக் கூடாது. நாலாவது, தனியார் துறையில் இடஒதுக்கீடு. அது இல்லாமல் மேலே சொன்ன எதையும் உள்ளே இருந்து கேட்க ஆள் இருக்காது. கடைசியாக, அந்த 200 அடி. இணையம் என்பது இன்றைக்குத் தண்ணிக் குழாய் மாதிரி. ஊர்க் கம்பத்தில் வந்து நிற்கிற எந்தத் திட்டமும் நமக்கு வந்த திட்டம் அல்ல.

இதைத் தனித்தனியாகக் கேட்டால் மெயிலில் பதில்கூட வராது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016இல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் நாம் தொழிலாளி அல்ல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களும் சாதியைப் பேசினால் ஒற்றுமை உடையும் என்கிறார்கள். ஒற்றுமை ஏற்கனவே வாடகை வீட்டு வாசலில் உடைந்துதான் கிடக்கிறது. அதைப் பேசினால்தான் ஒட்டும். நான் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். அந்த அக்காவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். காண்ட்ராக்ட் ஆளைச் சேர்க்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. படிங்க, மெட்ராசுக்கு வாங்க. வந்த அன்றைக்கு எங்கே தங்குவது என்று யோசிக்காதீங்க. அந்த அக்கா பார்த்துக் கொடுத்த என் வீடு ஒரு அறைதான், ஆனால் பாய் விரிக்க இடம் இருக்கு. போன வருசம் இதே தெருவில் இருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வந்து என்னோடு மூன்று மாதம் இருந்துவிட்டு, இப்போது தனியாக வீடு எடுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பாய் இருக்கும். உத்தரவு போடுகிறவன் கேட்காத கேள்வியை நாம ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம்.

ஜெய் பீம்.